முதல் டிராக் டே: இருங்காட்டுக்கோட்டையா, கோவையா, புத்தா?

எங்கள் சென்னை கார் கிளப்பில் டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் "புத்துக்குப் போவோம்" என்று ஆரம்பித்துவிடுவார். ஆசை நியாயமானதுதான். டெல்லி பக்கம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத்த் சர்க்யூட், 2011 முதல் 2013 வரை ஃபார்முலா 1 நடந்த இடம். மூன்று வருடமும் ஜெயித்தவர் வெட்டல். ஹெர்மன் டில்க்கே வடிவமைத்த 5.125 கி.மீ. தடம், 16 வளைவுகள். ஒரு கி.மீ.க்கு மேல் நீளும் அந்தப் பின்பக்க ஸ்ட்ரெயிட்டில் (நேர்த்தடத்தில்) பெடலை முழுசாக மிதித்துக்கொண்டே போகிற சுகம் வேறு எங்கே வரும்?

சிக்கல் அந்த ஸ்ட்ரெயிட் முடிகிற இடத்தில் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு நான்கு மடங்கு. நம்மில் பாதிப் பேர் ஷோரூமில் வந்த பிரேக் பேடோடு, இரண்டு வருடமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு வருகிறவர்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரியாவது தாங்கும். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பழசானால் அதற்கு முன்பே கொதித்துவிடும். 200 கி.மீ. வேகத்தில் வந்து மிதிக்கும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால்? புத்தில் ஓரம் விசாலம், தப்பிக்கலாம். ஆனால் அன்றைய நாள் போச்சு. கார் நிற்பது வீட்டிலிருந்து 2,000 கி.மீ.க்கு அப்பால். ஜனவரியில் போனால் பனிமூட்டம் விலகவே காலை பாதி போய்விடும்.

கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே இதற்கு நேர் எதிர். ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிய கரிவர்தன் பெயரில் 2003-இல் வந்தது. நீளம் இரண்டு கி.மீ.யை ஒட்டித்தான். வேகம் ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுவதால் கார் நோகாது. ஸ்டீயரிங்கும் கண்ணும்தான் வேலை செய்யும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பேன். சாதாரண போலோவில் வருகிறவர் போர்ஷே கேமன் ஸ்போர்ட்ஸ் காரில் வருகிறவரைத் துரத்தி முகம் சிவக்க வைப்பதும் இங்கே நடக்கும். குறை ஒன்றுதான்: ஒரே நேரத்தில் எட்டு கார் இறங்கினால் தெரு மாதிரி நெரிசல். இருபது பேரைப் பிரித்து விட்டால் பாதி நாள் பிட்டில் (தடத்தோரம் கார்கள் நிற்கும் இடம்) டீ குடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சென்னையிலிருந்து 500 கி.மீ. வேறு. (கோவைப் பக்கமே புதிதாக வந்திருக்கும் கோஸ்ட் தடத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையை நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி நடத்துகிறோம். சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்திக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய தடம். முழு நீளம் 3.717 கி.மீ., 12 வளைவுகள். வேண்டுமென்றால் குறுக்கியும் ஓட்டலாம். நேர்த்தடம் முடிந்ததும் வரும் 'சி1' என்ற வேகமான வலது வளைவுதான் இதன் உயிர். நடுவில் பயந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்சக்கரம் வழுக்கும். முதல் செஷனில் அதை மூன்றில் ஒரு பங்கு வேகம் குறைத்து எடுக்கச் சொல்லிவிட்டால் போதும். எல்லைக் கோட்டைத் தாண்டினால் புல்லும் மண்ணும். கார் அழுக்காகும், மானமும் கொஞ்சம்.

போன தடவை நண்பர் ஒருவர் நான்கு சுற்று விடாமல் விரட்டிவிட்டு நேராக பிட்டுக்கு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டார். முன்சக்கரத்தில் புகை, கருகிய வாடை. சூட்டில் பின்சக்கர பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டது. ஊரில் நடந்ததால் காரை ஏற்றிப் போகும் ஃப்ளாட்பெட் லாரி மதியத்துக்குள் வந்து, கார் சாயங்காலமே மெக்கானிக்கிடம் போய்விட்டது. இதுவே நொய்டாவில் நடந்திருந்தால் அந்த ட்ரெய்லர் வாடகைக்கு ஒரு செட் டயர் வாங்கியிருக்கலாம்.

ரேஸ், வேகச் சோதனை ஆகியவற்றை நம் வழக்கமான மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி ஏற்காது. மூன்று இடத்துக்கும் இது பொது. ஆகவே இடித்தால் கைக்காசு.

என் ஓட்டு: பிப்ரவரியில் இருங்காட்டுக்கோட்டை, முழுத் தடம், ஏழு ஏழு பேராக மூன்று குழு. புதியவர்கள் மட்டும் அதற்கு முன் ஒரு சனிக்கிழமை கரிக்குப் போய் வரட்டும். புத்து, பிரேக் ஆயிலும் பேடும் மாற்றியவர்களுக்கு அடுத்த வருடம். வருகிறவர்கள் டோ ஹூக்கை (காரைக் கட்டி இழுக்க மாட்டும் கொக்கி) தேடி எடுத்து வையுங்கள். ஹேண்ட்பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஆளுக்கொரு செங்கல்லும்.