அத்தையின் காலும் இரண்டு இரத்தப் பரிசோதனைகளும்

இம்முறை மெல்போர்னிலிருந்து கும்பகோணம் சென்றபோது, அத்தையின் இடது கால் முன்னைவிடப் பெருத்திருப்பதைக் கண்டு, அது யானைக்கால் நோய்தானா என்று இரத்தப் பரிசோதனையின் மூலம் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

முதலில் ஒரு தனியார் ஆய்வகத்திற்குக் காலையில் அழைத்துச் சென்றேன். யானைக்கால் நோயை உண்டாக்கும் பைலேரியாப் புழு வளர்ந்தபின் இரத்தத்தில் கலக்கவிடும் பொருளை (ஆன்டிஜனை) அங்குள்ள சோதனை அட்டை கண்டறிவதால், விரலில் குத்தி எடுக்கும் சில துளிகளைக் கொண்டு பகலிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அட்டையை மேசையில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கவனிக்கச் சென்ற பணியாளர், அரை மணி நேரம் கழித்து வந்து, மங்கலாகத் தெரிந்த இரண்டாவது கோட்டைக் காட்டி 'பாசிட்டிவ்' என்று எழுதிவிட்டார். பத்தாவது நிமிடத்தில் பார்க்க வேண்டும் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பதை நான் காட்டிய பிறகு, கடிகாரத்தைப் பார்த்து மறுபடியும் செய்தார்கள். இம்முறை ஒரு கோடுதான் தெரிந்தது. நேரம் கடந்து தோன்றும் கோட்டை நம்பக் கூடாது. இடைப்பட்ட நேரத்தில் அத்தை ஒரு வார்த்தையும் பேசாமல் சேலைத் தலைப்பால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் மனதை அறுக்கிறது.

அன்றிரவே அரசு மையத்தில் இரத்தத் தடவல் எடுத்தோம். நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் இரவு வேளையில், குறிப்பாகப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் இளம்புழுக்கள் வெளி இரத்த ஓட்டத்தில் மிகுதியாக வரும். கண்ணாடித் தகட்டில் 20 மைக்ரோலிட்டர் இரத்தத்தைத் தடவி, உலரவிட்டு, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். அதிலும் புழு இல்லை.

இளம்புழுக்கள் மிகக் குறைவாக இருந்தால் தடவலில் தப்பிவிடும். அட்டை அப்போதும் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த அட்டை வூச்சரேரியா பாங்க்ராஃப்டி என்ற புழு வகைக்கு உரியது. இலங்கையில் மீண்டும் தலைகாட்டியிருக்கும் புருகியா என்ற மற்றொரு புழு வகைக்கு, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் வேறு அட்டை வேண்டும். புழு எந்த வகை என்பதைக் கண்ணால் காட்டுவது தடவலே.

இரண்டிலும் 'நெகட்டிவ்' என்பதால் யானைக்கால் இல்லை என்று ஆகிவிடாது என்பதை அரசு மருத்துவர்தான் பொறுமையாக விளக்கினார். பல ஆண்டுகள் வீங்கிய காலில், புழு மடிந்த பின்பும் நிணநீர்க் குழாய்களின் சேதம் தங்கிவிடுமாம். பிறகு செவிலியர் அத்தையின் காலைப் பிளாஸ்டிக் பேசினில் வைத்து, சோப்பு நீரால் மெல்லக் கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, வெடிப்பில் களிம்பு தடவக் கற்றுக்கொடுத்தார். நான் ஊரிலிருந்த மீதி நாட்களில் காலையும் மாலையும் அதை நானே செய்தேன். விமானம் ஏறுவதற்கு முதல்நாள் சுண்டுவிரல் இடுக்கில் இருந்த வெடிப்பு மூடியிருந்தது.