ஸ்டேஷன் வைஃபையில் ஓடிபி யாருக்கு? ரயில்வயர் விமர்சனம்

ரயில் நிலையத்தில் போனின் வைஃபை பட்டியலைத் திறந்தால் 'ரயில்வயர்' என்ற பெயர் தெரியும். பக்கத்தில் பூட்டுப் படம் இருக்காது. தொட்டதும் இணையும், ஒரு பக்கம் திறந்து மொபைல் எண் கேட்கும், ஓடிபியைப் போட்டால் நெட் வரும். ஓடிபி கேட்கிறதே, அப்போது பாதுகாப்பானதுதான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அந்த ஓடிபி நீங்கள் யார் என்று பதிவு செய்ய மட்டுமே. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே காற்றில் போகிற டேட்டாவை அது மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்வதில்லை.

ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் கூகுளோடு சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய சேவை இது. கூகுள் 2020-ல் விலகிய பிறகும் நிற்கவில்லை; இன்று 6,000-க்கு மேற்பட்ட நிலையங்களில் கிடைக்கிறது. தினமும் முதல் 30 நிமிடம் இலவசம், வேகம் 1 எம்பிபிஎஸ். கணக்குப் போட்டால் அதிகபட்சம் 225 எம்பி. பிஎன்ஆர் பார்க்க, வாட்ஸ்அப்புக்கு, யுபிஐக்குத் தாராளம். சினிமா இறக்க ஆகாது. 2021-ல் கட்டணத் திட்டங்கள் வந்தபோது ஆரம்ப விலை வரி நீங்கலாக 10 ரூபாய்: ஒரு நாள், 5 ஜிபி, 34 எம்பிபிஎஸ் வரை. 'வரை' என்பதைக் கவனியுங்கள். அந்த வேகம் முழுதாகக் கிடைத்தால் 20 நிமிடத்தில் 5 ஜிபி காலி. கூட்டம் நிறைந்த பிளாட்பாரத்தில் அந்தக் கவலை வேண்டாம்!

லாகின் பக்கம் திறக்கவே இல்லையா? ஆண்ட்ராய்டில் முதலில் பிரைவேட் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்; தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் இணைய முகவரியை எந்தச் சர்வரிடம் கேட்பது என்று சொல்வது இது. விளம்பரத் தடைக்காக அங்கே ஏதாவது சர்வர் பெயரைக் கொடுத்திருந்தால், போன் அந்தச் சர்வரைத் தவிர வேறு யாரிடமும் முகவரி கேட்காது. லாகினுக்கு முன் அந்தச் சர்வரை எட்டவும் முடியாது. 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் பெரும்பாலும் பக்கம் வந்துவிடும். எப்போதும் ஓடும் விபிஎன் (டேட்டாவை மறையாக்கி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் ஆப்) இருந்தாலும் இதே கதைதான். லாகின் முடியும்வரை நிறுத்தி வையுங்கள். ஐபோனில் வேறொரு தொல்லை. ஐஓஎஸ் 18 முதல், பூட்டில்லாத வைஃபைக்குக் காட்டும் மேக் முகவரியை (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) போன் தானாகவே சுமார் 2 வாரத்துக்கு ஒருமுறை மாற்றும். உங்களைப் புது ஆள் என்று எண்ணி மறுபடி ஓடிபி கேட்கக்கூடும். மாதத் திட்டம் வாங்கியவர்கள் அந்த அமைப்பை 'ஃபிக்ஸ்டு' என்று வைப்பது நல்லது. இலங்கையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்திய எண் இல்லாவிட்டால் வாசலிலேயே நின்றுபோகும். எனக்கு இதுதான் இந்தச் சேவையின் பெரிய குறை.

ஓடிபி ஏன் வந்தது? 2008 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் திறந்து கிடந்த வைஃபை வழியாக மிரட்டல் மின்னஞ்சல் போனது. 2009-ல் தொலைத்தொடர்புத் துறை, பொது வைஃபையில் பயனர் அடையாளம் பதிவாக வேண்டும் என்றது.

சரி, காபிக் கடை மாதிரி ஒரு பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டினால்? பாஸ்வேர்டு வைஃபையின் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் அதனால் பெரிய லாபமில்லை. பாஸ்வேர்டு தெரிந்த எவரும், உங்கள் போன் இணையும் அந்த நொடியின் நான்கு பாக்கெட்டுகளை (டேட்டாத் துண்டுகளை) பிடித்துவிட்டால் உங்கள் மறையாக்கச் சாவியைக் கணக்கிட்டுவிடலாம். பக்கத்து மேசைக்காரருக்கும் அதே பாஸ்வேர்டுதானே. அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3-ல் இப்படி ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் அதே பெயர், அதே பாஸ்வேர்டில் போலி ஹாட்ஸ்பாட் வைப்பதை அதுவும் தடுக்காது. ரயில் நிலையத்துக்குப் பொருத்தமானது 'என்ஹான்ஸ்டு ஓப்பன்': பாஸ்வேர்டே இல்லை, ஆனாலும் ஒவ்வொரு போனுக்கும் தனி மறையாக்கம். ஆண்ட்ராய்டு 10-லிருந்தே ஆதரவு உண்டு. பழைய போன்களுக்காக வழக்கமான திறந்த நெட்வொர்க்கையும் கூடவே ஓடவிடலாம்.

அதுவரை? பேங்க் ஆப், யுபிஐ எல்லாம் தாமே மறையாக்கம் செய்துகொள்வதால் அவற்றுக்குப் பயம் குறைவு. எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் வெளியே தெரியலாம். உண்மையான ஆபத்து போலி 'ரயில்வயர்'. இலவச அரை மணிக்கு கார்டு எண்ணோ யுபிஐ பின்னோ கூகுள் பாஸ்வேர்டோ கேட்டால் உடனே துண்டித்துவிடுங்கள். ரயில் ஏறியதும் 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுங்கள்; இல்லையென்றால் அதே பெயரில் யார் வலை விரித்தாலும் போன் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

2022 மே மாதம் 100 நிலையங்களில் மத்திய அரசின் பொது வைஃபை திட்டமான பிஎம்-வாணி முறை வந்தது. அதற்கான வைடாட் ஆப்பில் ஒருமுறை பதிந்தால் போதும், ஒவ்வொரு தடவையும் ஓடிபி தேவையில்லை. வசதிதான், ஆனால் பட்டியலில் பூட்டுப் படம் அப்போதும் இல்லை. இலவச சேவையாக 5-க்கு 3.5, பாதுகாப்புக்கு 2.