சைலண்ட் ஹண்டர் 3: காதால் கப்பல் தேடும் ஆட்டம்

யூபிசாஃப்ட் 2005இல் வெளியிட்ட கணினி விளையாட்டு இது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் நீர்மூழ்கிக்கு நீங்கள் கேப்டன். களம் பெரும்பாலும் அட்லாண்டிக். (நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்கள் வணிகம் செய்யப் போன பினாங்கிலும் 1943 முதல் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்குத் தளம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.) படங்கள் பழசாகிவிட்டன, திரை அளவு 1024க்கு 768தான். அப்படியும் இன்று காசு கொடுத்து வாங்கலாம் என்று சொல்ல ஒரே காரணம் இதிலுள்ள ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி. கண்ணுக்கு எதுவும் தெரியாத நிலையில், ஒலியை மட்டும் வைத்து ஒரு கப்பலின் தூரம், போக்கு, வேகம் மூன்றையும் நாமே கணக்கிட்டு எடுக்க முடிகிறது. டார்பிடோ (நீருக்கடியில் பாயும் குண்டு) விடுவது அதற்குப் பிறகு வரும் சின்ன வேலை.

ஆனால் ஆட்டத்தை நிறுவியபடியே ஆடினால் இந்த ருசி கிடைக்காது. வரைபடமே கப்பல்களைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆட்டத்தின் கடினத்தன்மை அமைப்புகளில் வரைபடத்தில் எதிரிக் கப்பல்களைப் புதுப்பிக்காதே என்ற தேர்வையும், குறிபார்ப்பதைக் கையாலேயே செய்வேன் என்ற தேர்வையும் போடுங்கள். அதன் பிறகு உங்களுக்கு மிஞ்சுவது ஹைட்ரோபோனைத் திருப்பும் ஒரு சக்கரம், ஒரு ஸ்டாப்வாட்ச், வரைபடத்தில் உள்ள அடிக்கோல், கவராயம், பாகைமானி. திரையில் கோடு போடக் கை பழகாதவர்கள் வரைபடத் தாளில் 1 செ.மீ. என்பதை 500 மீட்டர் என்று வைத்துக்கொண்டு பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸிலேயே முடித்துவிடலாம்.

கருவியைப் பற்றி. உண்மையான ஜெர்மன் நீர்மூழ்கிப் படகுகளில் இருந்த ஜி.ஹெச்.ஜி. என்ற ஹைட்ரோபோன் கருவிக்கு ஒரு பக்கத்துக்கு 24 ஒலிவாங்கிகள் வீதம் 48 இருந்தன. 1941 மே 24 அதிகாலையில், இங்கிலாந்தின் ஹூட் போர்க்கப்பலும் அதனோடு வந்த இன்னொரு போர்க்கப்பலும் நெருங்குவதை ஜெர்மனியின் பிரின்ஸ் ஆய்கன் கப்பலின் ஹைட்ரோபோன்கள்தான் முதலில் கேட்டன. அந்தக் கருவி பக்கவாட்டில் துல்லியமாகவும், முன்பக்கம் பின்பக்கம் நோக்கிப் போகப் போகத் தடுமாற்றத்தோடும் கேட்கும். பின்னால் படகைத் தள்ளும் நம் சொந்தத் திருகின் (புரொப்பல்லர்) இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கப்பலைப் படகின் இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துக்கொள்வது ஆட்டத்திலும் நல்ல பழக்கம். நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் ஹைட்ரோபோன் வேலை செய்யாது, முழுகித்தான் ஆகவேண்டும்.

ஒலியின் தரம் இருபது வருடத்துக்குப் பிறகும் நன்றாகவே இருக்கிறது. சரக்குக் கப்பல் மெதுவாக, கனமாக, இடைவெளிவிட்டு அடிக்கும். போர்க்கப்பல் அவசரமாகச் சுழலும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினால் காவல் கப்பல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பது முதலிலேயே தெரிந்துவிடும். தாளத்தை எண்ணி வேகம் கணிக்க மட்டும் முயல வேண்டாம். அதற்கான சுழற்சி அட்டவணை எதையும் ஆட்டம் தருவதில்லை.

இனி முக்கியமான கணக்கு. ஒலி திசையை மட்டும்தான் சொல்லும். பக்கத்தில் மெல்லப் போகும் கப்பலும் தொலைவில் வேகமாகப் போகும் கப்பலும் ஒரே மாதிரித் திசைகளைத் தரும். இந்த முடிச்சை அவிழ்ப்பது நான்கு திசை முறை. ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வேகக் கப்பல் 3 நிமிடம் 15 நொடியில் 100 மீட்டர் போகும். அதன் மும்மடங்கான 9:45ஐ இடைவெளியாக வைத்துக்கொண்டால் ஒரு நாட்டுக்கு 300 மீட்டர்.

படகை நிறுத்துங்கள். ஸ்டாப்வாட்சில் 0, 9:45, 19:30 ஆகிய நேரங்களில் மூன்று திசைகளைக் குறியுங்கள். சக்கரம் காட்டுவது படகின் மூக்கிலிருந்து எண்ணும் கோணம். வரைபடத்தில் போட அதனோடு படகின் போக்கைக் கூட்ட வேண்டும். போக்கு 70, சக்கரம் 315 என்றால் 385. 360ஐக் கழித்தால் 25. புதிதாக ஆடுகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் இங்கேதான் கெடுகிறது. படகு நிற்கும் இடம் ‘க’. நடுத் திசைக்கோட்டில் ஏதாவது ஒரு புள்ளி ‘ம’. அதே கோட்டில் இரட்டைத் தூரத்தில் ‘ந’. ந-விலிருந்து மூன்றாம் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போட்டால் அது முதல் கோட்டை வெட்டும் இடம் ‘ச’. முதல் கோட்டுக்கு இணையாகப் போட்டால் அது மூன்றாம் கோட்டை வெட்டும் இடம் ‘ட’. ச-வையும் ட-வையும் சேர்த்தால் கப்பலின் போக்கு வந்துவிடும். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சமமாக வெட்டும் என்ற பள்ளிப் பாடம்தான் இது.

அந்தக் கோட்டை ட-வுக்கு அப்பால் ம-ட நீளத்துக்கே நீட்டி ‘ப’ என்று குறியுங்கள். க-ப கோடுதான், நீங்கள் நகராமல் இருந்தால் 29:15இல் கேட்கவேண்டிய திசை. ஆனால் நீங்கள் நகர வேண்டும். 19:30 ஆனதும் அந்தத் திசைக்குக் குறுக்காகப் படகை ஓட்டி, கடைசி நிமிடத்தில் வேகத்தைக் குறைத்து, 29:15இல் புது இடத்திலிருந்து நான்காவது திசையை எடுங்கள். இந்தக் கோடும் க-ப கோடும் வெட்டும் இடத்தில் கப்பல் இருக்கிறது. அதன் வழியே போக்குக்கு இணையாக ஒரு கோடு போட்டு, மூன்றாம் திசைக்கோட்டை வெட்டும் இடம்வரை அளந்து 300ஆல் வகுங்கள். 2,100 மீட்டர் என்றால் 7 நாட்.

பிசகுவது எங்கே? நகர்ந்த தூரம் போதாமல்தான். 4 நாட்டில் ஓடினால் 1,200 மீட்டர்தான் நகர்வீர்கள். கப்பல் 8 கிலோமீட்டரில் இருந்தால் ஒரு பாகைத் தவறே தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரைத் தின்றுவிடும். நீட்டலை இரண்டு மடங்காக்கி 39:00இல் எடுத்தால் அடித்தளம் 2,400 மீட்டர், தவறு பாதி (அப்போது 600ஆல் வகுக்க வேண்டும்). ஒலி கேட்கும் ஆள் முழு எண்ணில் சொல்வதை நம்பாமல் சக்கரத்தை நீங்களே திருப்பி, ஒலி இருபுறமும் ஒரே அளவில் மங்கும் இடங்களுக்கு நடுவைப் பிடியுங்கள். மூன்று திசைகளும் இரண்டு மூன்று பாகைக்குள் இருந்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும்; இடைவெளியைக் கூட்டுங்கள். திசை மாறவே இல்லை, ஒலி மட்டும் பெருகுகிறது என்றால் கப்பல் உங்களை நோக்கி வருகிறது, கணக்கை விட்டுவிட்டு விலகுங்கள். நடுவில் கப்பல் வளைந்துவிட்டால் எல்லாம் வீண். அதனால் கூட்டமாகப் போகும் கான்வாயைவிடத் தனிக் கப்பலில் முதலில் பழகுவது மேல்.

குறை என்று பார்த்தால், கடலின் வெப்ப அடுக்குகள் ஒலியை வளைப்பதை ஆட்டம் கணக்கில் கொள்வதில்லை. ஆழத்தில் ஒளிந்து தப்பும் நுணுக்கம் அதனால் பாதியாகிறது. களைத்த ஒலிக்காரர் சரியாகக் கேட்கமாட்டார் என்பதைச் சேர்த்திருப்பது நல்ல வேலை, அவரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் அலுப்பு.

செட்டிநாட்டு வீட்டில் ஆடுகிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். வளவு, பட்டாலை போன்ற பெரிய கூடங்களில் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரையும் வழுவழுப்பான பூச்சுச் சுவரும் உயர்ந்த கூரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். மங்கும் இடம் பிடிபடாது. காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் போதும், ஒலியை ஜோடிக்கும் ‘சரவுண்ட்’ வசதியை அணைத்துவிடுங்கள். அடுத்தது கரண்ட். கணினிக்கு யு.பி.எஸ். இல்லாமல் இதில் உட்காராதீர்கள். முழுகியிருக்கும்போதும், கப்பல்கள் பக்கத்தில் இருக்கும்போதும் சேமித்த கோப்புகள் திரும்பத் திறக்காமல் போவதுண்டு. மேலே வந்து, சுற்றிலும் யாரும் இல்லாதபோது சேமிப்பதே பத்திரம்.

வாங்கும்போது ஸ்டீமில் உள்ள பதிப்பை எடுங்கள். பழைய வட்டுகளில் உள்ள, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு மென்பொருள் புது விண்டோஸில் மக்கர் பண்ணும். ஆட்டத்தை விரிவாக்க ரசிகர்கள் இலவசமாகத் தரும் ஜி.டபிள்யூ.எக்ஸ். தொகுப்பைச் சேர்ப்பதானால், ஆட்டத்துக்கு 4 ஜி.பி. நினைவகத்தைத் திறந்துவிடும் சிறு பேட்சையும் உடன் போடுங்கள். இல்லாவிட்டால் பெரிய துறைமுகங்களில் ஆட்டம் நின்றுவிடும்.