பேஸ்மென்ற் சுவரை மூட விடுவதற்கு முன்: ஓர் எச்சரிக்கை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் 1980களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் பேஸ்மென்றை, அதாவது நிலத்தடித் தளத்தை, ஊரிலிருந்து வரவிருந்த மாமிக்காகச் சென்ற கோடையில் அறையாக்கினோம். உறவினர் ஒருவர் கைகாட்டிய கொன்ராக்ரர், "அண்ணை, தை மாதத்திலையும் கீழே பெனியனோடை இருக்கலாம்" என்றார். அந்தப் பேச்சை நம்பி 28,000 டொலர் கொடுத்தேன். அதில் பெரும்பகுதி ரசீதில்லாத காசு. எழுத்தில் இருந்ததெல்லாம், "சுவர் முழுவதும் இன்சுலேஷன், ஆர்-20" என்ற ஒரு வரியும் அதன் கீழ் மொத்தத் தொகையும்தான். இன்சுலேஷன் என்பது வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் பொருள்; எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர் எண் சொல்லும், எண் கூடினால் தடுப்பும் கூடும்.

மார்கழி நடுவில் வெளியே மைனஸ் 15 பாகைக்கு இறங்கிய இரவில், மேலே தேர்மோஸ்ராற் 21 காட்டிக்கொண்டிருக்க, மாமியின் கட்டிலருகே தரையில் வைத்த வெப்பமானி 14ஐத் தாண்டவில்லை. மாமி இரண்டு சோடி காலுறையும் தொப்பியும் போட்டுக்கொண்டே படுத்தார். கனடாவில் எல்லா அறைகளும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கொன்ராக்ரரை அழைத்தபோது, பேஸ்மென்ற் என்றால் கொஞ்சம் குளிரும்தானே என்றார். இரண்டாம் முறை, 1,500 வாற் ஹீற்றர் ஒன்றை வாங்கி வைக்கச் சொன்னார். அது தனியாகவே 12.5 அம்பியர் இழுக்கும். அவரோ கீழ்த்தளத்தின் விளக்குகள், தொலைக்காட்சி, செருகிகள் அனைத்தையும் ஒரே 15 அம்பியர் பிரேக்கரில் இணைத்திருந்ததால், ஹீற்றரைப் போட்ட சிறிது நேரத்தில் அறையே இருண்டுவிடும். மூன்றாம் முறை அவர் தொலைபேசியை எடுக்கவில்லை.

தை மாதத்தில் சுவர் மூலையில் சாம்பல் நிறக் கறை படர்ந்ததும், வேறொருவரை அழைத்து, சுவரை மூடியிருந்த ட்ரைவோல் பலகையை வெட்டிப் பார்த்தோம். மேற்பாதியில் மட்டும் இன்சுலேஷன் பஞ்சு இருந்தது. கீழ்ப்பாதியில் வெறும் கொங்கிரீற், அதன்மேல் வியர்வை போல நீர்த்துளிகள். ஈரப்பதத்தைத் தடுக்கும் பிளாஸ்ரிக் தாளும் பாதியிலேயே முடிந்திருந்தது. அறையின் சூடான ஈரக்காற்று அந்தக் குளிர்ந்த கொங்கிரீற்றைத் தொட்டு நீராகி, பூஞ்சணமாகியிருக்கிறது. அத்திவாரச் சுவரின் மேல், மேல்தளத்தைத் தாங்கும் மரங்கள் வந்து அமரும் விளிம்பில் எதுவுமே இல்லை. அங்கே கையை வைத்தால் காற்று அடித்தது.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. முதல் கொன்ராக்ரர் பஞ்சை வைக்கச் சுவரில் அடித்த மரச்சட்டத்தின் ஆழம் மூன்றரை அங்குலம். அதற்குள் வழக்கமாகப் பொருந்துவது ஆர்-12 பஞ்சு. ஆர்-20 பஞ்சுக்கு ஐந்தரை அங்குலம் வேண்டும். பின்னால் நுரைப்பலகை வைக்காமல் அந்தச் சட்டத்தில் பஞ்சால் மட்டும் ஆர்-20 வரவே முடியாது என்பதை, ஓர் அளவுநாடா இருந்தால் நானே கண்டுபிடித்திருக்கலாம்.

சூடேற்றும் விதமும் அரைகுறைதான். பிரதான சூட்டுக்காற்றுக் குழாயில் இரண்டு துளை வெட்டி, காற்று வரும் சல்லடை மூடிகளைக் கூரையில் போட்டிருந்தார். சூடான காற்று மேலேயே தங்கிவிட, தரையில் தேங்கும் குளிர்காற்று, வீட்டைச் சூடாக்கும் பேர்னஸுக்குத் திரும்பிப் போக ஒரு வழிகூட இல்லை. வயரிங்கைப் பார்த்த எலெக்ரீசியன், ஒன்ராறியோவில் இத்தகைய வேலைக்கு மின்பாதுகாப்பு ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டிய அறிவித்தலே கொடுக்கப்படவில்லை என்றார்.

திருத்த மேலும் 9,000 டொலர் போனது: கொங்கிரீற்றோடு ஒட்டிய இரண்டங்குல நுரைப்பலகை, அதன்மேல் பஞ்சு, விளிம்புக்குத் தெளித்து அடைக்கும் நுரை, தரை மட்டத்துக்கு இறக்கிய சூட்டுக்குழாய், குளிர்காற்று திரும்பத் தனி வழி. இப்போது தரையிலேயே 20 பாகை. சுவர்களை மூடுமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, இறுதிக் கொடுப்பனவைப் பிடித்து வைத்திருந்தால் இந்தச் செலவு என் தலையில் விழுந்திருக்காது.

சென்ற வாரம் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன் அந்தக் கொன்ராக்ரருடைய வான் நின்றது. மாலையில் அது போன பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். நல்லவேளை, அவர்களுடைய சுவர் இன்னும் மூடப்படவில்லை.