வேதிவினைகளைப் பிரிப்பது எப்படி: சமன்பாட்டின் வடிவமா, எலக்ட்ரான் கணக்கா?

பள்ளியில் முதலில் சொல்லித் தருவது சேர்க்கை, சிதைவு, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்ற ஐந்து வகை. அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை பொருள், அந்தப் பக்கம் எத்தனை என்று எண்ணினாலே பாதி விடை வந்துவிடும். இன்னொரு முறை, எது கைமாறியது என்று கேட்கிறது. எலக்ட்ரான் என்றால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை, புரோட்டான் (அதாவது ஹைட்ரஜன் அயனி) என்றால் அமில கார வினை, எதுவும் கைமாறாமல் அயனிகள் கூடிக் கரையாத உப்பானால் வீழ்படிவு வினை.

எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. மெக்னீசியம் நாடா கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரிந்து ஆக்சைடாகிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. முதல் முறைக்கு இரண்டுமே சேர்க்கை வினை (மெக்னீசியம் எரிவது எரிதல் வினையும்தான், எந்தப் பெட்டியில் போடுவது?). ஆனால் மெக்னீசியத்தின் ஆக்சிஜனேற்ற எண் (ஓர் அணு எத்தனை எலக்ட்ரானை இழந்தது அல்லது பெற்றது என்று வைத்துக்கொள்ளும் கணக்கு) 0-விலிருந்து +2 ஆகிறது, சுண்ணாம்பிலோ கால்சியம் கடைசிவரை +2 தான், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எண்களும்கூட மாறவில்லை. அங்கே நடந்தது தண்ணீர் ஆக்சைடு அயனிக்கு ஒரு புரோட்டானைக் கொடுத்தது மட்டுமே.

இரட்டை இடப்பெயர்ச்சி இன்னும் மோசம். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் ஜோடி மாற்றிக்கொள்வதாக எழுதுகிறோம், ஆனால் சோடியமும் குளோரைடும் கரைசலில் சும்மா மிதந்துகொண்டிருக்க, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து தண்ணீராவதோடு கதை முடிந்தது. அப்புறம், அமிலம் சேர்த்த இரும்பு(II) கரைசலில் பெர்மாங்கனேட் சொட்டச் சொட்ட ஊதா நிறம் மறைகிறதே, அது ஐந்தில் எதிலும் அடங்காது. எலக்ட்ரான் கணக்கிலோ ஒரு மாங்கனீசு +7-லிருந்து +2-க்கு இறங்க, ஐந்து இரும்பு அயனிகள் ஆளுக்கொரு எலக்ட்ரான் தருகின்றன, அவ்வளவுதான்.

வெப்ப உமிழ், வெப்பக் கொள் என்ற பிரிவு வேறு இருக்கிறது. வெப்பம் வந்ததா போனதா என்பதைத் தாண்டி அது எதுவும் சொல்லாது.

அதற்காக வடிவத்தை ஒதுக்கிவிட முடியாது. காப்பர் சல்பேட்டில் துத்தநாகத்தைப் போட்டால் நீலம் வெளிறிச் செம்பு படியும் என்று முன்கூட்டியே சொல்ல, ஒற்றை இடப்பெயர்ச்சி என்ற வடிவமும் வினைத்திறன் வரிசையும் (எந்த உலோகம் எதை வெளியேற்றும் என்று காட்டும் பட்டியல்) போதும். கரிம வேதியியலுக்குப் போனால், ஒவ்வொரு கார்பனுக்கும் ஆக்சிஜனேற்ற எண் போடுவது பெரிய தலைவலி என்பதால், பதிலீடு, சேர்க்கை, நீக்கம் என்று மறுபடியும் வடிவப் பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள், கூடவே வினைவழிமுறையையும் (வினை படிப்படியாக எப்படி நடக்கிறது என்பதையும்) கேட்டு வைத்துக்கொண்டு.