காசு மைக்குக்கும் வயருக்கும்தான்: ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர், வேலூர் வெயிலில்

ஸ்டிங்கரின் பெட்டியில் கேமிங் ஹெட்செட் என்று போட்டிருந்தாலும், ₹3,000-ஐ ஒட்டிய இந்த விலையில் வாங்குகிறவர்களில் பலர் நாள் முழுக்க கேம் ஆடுபவர்கள் இல்லை. காட்பாடி விடுதி அறையில் ஆன்லைன் வகுப்பு, சத்துவாச்சாரி வீட்டில் உட்கார்ந்தபடி பெங்களூரு கம்பெனி மீட்டிங், ராத்திரியில் கொஞ்சம் வாலரண்ட் கேம், நடுநடுவே பாட்டும் படமும். இந்தக் கலவைக்கு ஸ்டிங்கர் தாங்கும். ஆனால் நல்ல பாட்டு கேட்க ஆசைப்பட்டு வாங்கினால் ஏமாற்றம்தான்.

2016-இல் வந்த மாடல் இது. எடை 275 கிராம், காதுக்கு ஒன்றாக 50 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), 30 ஓம் மின்தடை, 3.5 மி.மீ. பின். பேட்டரி, சார்ஜ், ஆப் எதுவும் கிடையாது. வால்யூம் தள்ளுபட்டை வலது கிண்ணத்தின் அடியில், மைக் இடது பக்கம். கிண்ணங்கள் 90 டிகிரி திரும்புவதால் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்ளும்போது தாடையில் இடிக்காது. வெளியே எல்லாம் பிளாஸ்டிக். தலைப்பட்டையை இழுத்துச் சரிசெய்யும் இடத்தில் மட்டும் எஃகு, அது நல்ல காரியம். மலிவு ஹெட்செட்டுகள் முதலில் உடைவது அங்கேதான்.

மைக்கில்தான் கொடுத்த காசு தெரிகிறது. புளூடூத் ஹெட்போனில் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், கால் எடுத்த அடுத்த நொடி மைக்குக்கும் சேர்த்து இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலான கருவிகளில் சத்தம் மோனோவாகிப் பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்கிவிடும். வயரில் அந்தத் தொல்லை இல்லை. ஒலி தாமதமும் இல்லை என்றே சொல்லலாம். துப்பாக்கி ஒளி தெரிந்த பிறகு வெடி கேட்கும் கொடுமை புளூடூத்காரர்களுக்கு மட்டும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டு ஓரத்தில் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். நேராக வைத்தால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். சீலிங் ஃபேன் இரைச்சல் ஓரளவு அடங்கும். டேபிள் ஃபேன் முகத்துக்கு நேரே இருந்தால் எந்த மைக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. மைக்கை மேலே தூக்கினால் மியூட். ஆனால் அது மீட்டிங் ஆப்புக்குத் தெரியாது, திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும். மைக்கைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசித் தீர்க்கிறவர்கள் உண்டு.

திருப்பிக் கொடுக்க வரும் ஹெட்செட்டுகள் பலவற்றில் ஹெட்செட் பழுதே இல்லை, பின் விவகாரம். ஸ்டிங்கரின் பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள், நான்கு துண்டுகள். நுனி இடது காது, அடுத்தது வலது, மூன்றாவது எர்த், வயரை ஒட்டியது மைக். ஒற்றை ஓட்டை உள்ள லேப்டாப்பிலும் போனிலும் நேராகச் செருகலாம். டெஸ்க்டாப்பில் சத்தத்துக்குப் பச்சை ஓட்டை, மைக்குக்கு ரோஸ் ஓட்டை என்று தனித்தனி. பச்சையில் மட்டும் செருகினால் சத்தம் வரும், மைக் வராது. பெட்டிக்குள்ளேயே இரட்டைப் பின் ஒயர் இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டையும் சரியாகச் செருகியும் மைக் வரவில்லை என்றால் விண்டோஸ் செட்டிங்கில் பிரைவசி பகுதிக்குப் போய், டெஸ்க்டாப் ஆப்களுக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். குரல் சன்னமாகப் போனால் பழைய சவுண்ட் பேனலில் மைக் பூஸ்ட்டை ஒரு படி, அதாவது 10 டெசிபல் ஏற்றினால் போதும். 30 வரை ஏற்றினால் குரலோடு இரைச்சலும் ஏறும்.

பாட்டில் இசை கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதா? எர்த் தொடவில்லை என்று அர்த்தம். எர்த் விட்டால் இரண்டு காதும் வரிசையாக இணைந்து, இரு பக்கமும் பொதுவாக உள்ள ஒலி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். குரல் நடுவில் இருப்பதால் முதலில் போவது அதுதான். பெரும்பாலும் பின் முழுதாக உள்ளே போகவில்லை. தடித்த மொபைல் கவர் தடுத்தாலும் இதே கதி.

ஓட்டை இல்லாத போனுக்கு டைப்-சி மாற்றி வேண்டும். மொபைல் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் மலிவு மாற்றியில் உள்ளே வெறும் வயர்தான். பல போன்களில் அது வேலை செய்யாது. 'டேக்' (டிஜிட்டல் ஒலியை ஹெட்செட்டுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றும் சிப்) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கடையிலேயே உங்கள் போனில் செருகி, பாட்டும் போட்டு, வாய்ஸ் ரெக்கார்டரில் பேசியும் பார்த்துவிடுங்கள்.

காதில் 'ங்ங்' என்று ஓயாத ரீங்காரம் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் குறை வீட்டு எர்த்திலோ சார்ஜரிலோ இருக்கிறது. மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் திணித்த வீடுகளில் இது சகஜம். மின்வெட்டில் பழைய சதுர அலை இன்வர்ட்டர் ஓடும்போதும் வரும்.

அடுத்து வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் காதை முழுக்க மூடும் ஹெட்செட் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஸ்டிங்கரின் காதுமெத்தை ரெக்சின் உறை போட்ட ஸ்பாஞ்ச். ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் வந்து இதை லெதர் என்று சொன்னால் சிரிப்பார்கள். இந்த உறை ஈரத்தை உறிஞ்சாது. முக்கால் மணி நேரத்தில் காதைச் சுற்றி வியர்வை தேங்கும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்து மேல்பூச்சை உரித்து, கறுப்புச் செதில்களைக் கன்னத்தில் ஒட்டவைக்கும். தினமும் போட்டால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் இதை எதிர்பார்க்கலாம். பயன்படுத்தி முடித்ததும் லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். சானிடைசரோ ஸ்பிரிட்டோ போட்டால் உரிவது இன்னும் சீக்கிரமாகும். மெத்தையைக் கையால் இழுத்துக் கழற்றலாம், மாற்று மெத்தை ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கும்போது துணி உறையாகப் பாருங்கள்; பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கொஞ்சம் குறையும், காது பிழைக்கும்.

கண்ணாடி போடுபவர்களுக்குப் பிடிமானம் அவ்வளவு இறுக்கம் இல்லை. புதிதில் உறுத்தினால் ஓரிரு இரவு புத்தக அடுக்கின் மேல் விரித்து மாட்டி வையுங்கள்.

ஒலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு தெளிவு, படத்தில் வசனம் தெளிவு. பறையின் அடி வரும், அதற்கும் கீழே நெஞ்சில் அதிரும் பகுதி மெலிசு. வயலினும் வீணையும் தட்டையாகக் கேட்கும். 50 மி.மீ. என்பது அளவுதானே தவிர தரம் இல்லை. நன்றாகச் செய்த 40 மி.மீ. இதைத் தோற்கடிக்கும்.

கடையில் இதன் பக்கத்திலேயே '7.1' (எட்டு ஸ்பீக்கர் சரவுண்ட் ஒலி) என்று எழுதி, லைட் எரியும் ஹெட்செட்டுகள் பாதி விலைக்குக் கிடைக்கும். 3.5 மி.மீ. பின் வழியே போவது இரண்டே சேனல். 7.1 என்பது கணினி செய்யும் கணக்கு. அது வேண்டுமானால் விண்டோஸிலேயே வரும் விண்டோஸ் சோனிக் என்ற சரவுண்ட் வசதி இலவசமாகவே இருக்கிறது. கேமிலேயே எச்.ஆர்.டி.எஃப். (ஹெட்போனில் ஒலியின் திசையை உணர்த்தும் கணக்கு) வசதி இருந்தால் அதை மட்டும் போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் காலடிச் சத்தம் எந்தத் திசை என்றே தெரியாது. பின்னோடு யூ.எஸ்.பி. ஒயரும் தொங்கினால், பல மாடல்களில் அது லைட் எரியத்தான்.

ஸ்டிங்கரின் பெரிய குறை, வயரைக் கழற்ற முடியாது. அறுவது இரண்டு இடத்தில்: பின்னை ஒட்டி, அல்லது கிண்ணத்துக்குள் நுழையும் இடத்தில். வயரை ஆட்டும்போது ஒரு காது போய்ப் போய் வந்தால், வால்யூமை முழுக்க ஏற்றி, மல்டிமீட்டரில் நுனிக்கும் மூன்றாவது துண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 30 ஓமை ஒட்டி நிலையாக நின்றால் அந்தக் காதுக்குப் போகும் வழி சரி. ஆட்டும்போது எண் துள்ளினால் முறிவு. பின் பக்கம் என்றால் இரண்டு அங்குலம் வெட்டிவிட்டுப் புது நான்கு துண்டுப் பின் பற்றவைக்கலாம். உள்ளே இருக்கும் நூல் போன்ற கம்பிகளுக்கு எனாமல் பூச்சு உண்டு. சூடான ஈயத்தில் முக்கி அதை எரிக்காமல் பற்றவைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், சத்தம் வராது. வயர் நிறத்தை நம்ப வேண்டாம், மீட்டரை நம்புங்கள். தள்ளுபட்டையை நகர்த்தும்போது கரகரத்தால் தூசி. அதை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு, கணினியில் கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது.

₹3,000-ஐ ஒட்டிக் கிடைத்தால் ஸ்டிங்கரை வாங்கலாம். அதற்கு மேல் ஆயிரம் போகும் என்றால் லாஜிடெக் ஜி335-ஐப் பாருங்கள்: 240 கிராம், துணி மெத்தை, தொங்கு தலைப்பட்டை. நம் வெயிலுக்கு அதுதான் பொருத்தம். வீட்டில் ஏசி இருந்து, பேசுவதுதான் முக்கிய வேலை என்றால் ஸ்டிங்கரே போதும். ஆஃபிசர்ஸ் லைன் கடையில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், சீரியல் எண் போட்ட ஜி.எஸ்.டி. பில்லைப் போனில் படமெடுத்து வையுங்கள். இரண்டு வருட வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள், தாள் பில்லின் எழுத்து அதற்குள் வெளுத்துப் போயிருக்கும்.