நிமோடிபின் 30 மி.கி. மாத்திரை: மருந்துக்கு முழு மார்க், கிடைப்பதற்கு இல்லை

மூளையில் ரத்தக்கசிவு வந்து வீடு திரும்புகிறவருக்கு நிமோடிபின் எழுதியிருந்தால், சீட்டில் உள்ள மற்ற மாத்திரைகளை விட இதைத்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன். என் மதினிக்கு மூளை ரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வெடித்துவிட்டது. புளியரையிலிருந்து தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனோம். தொடை வழியாகக் குழாய் விட்டு, வீக்கத்துக்குள் மெல்லிய உலோகச் சுருள் (coil) வைத்து அடைத்தார்கள்.

கசிவு நின்றதும் நாங்கள் மூச்சு விட்டோம். டாக்டர் விடவில்லை. மூளையைச் சுற்றித் தேங்கிய ரத்தம் பக்கத்து நல்ல குழாய்களைச் சுருங்க வைக்கும், மூன்றாம் நாள் வாக்கில் தொடங்கி ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும் என்றார். ரத்தம் கிடைக்காத பகுதி செத்துப்போனால் பேச்சு போகலாம், கை கால் விழலாம்.

அதற்குத்தான் இந்த மாத்திரை. ஒரு வேளைக்கு இரண்டு, அதாவது 60 மி.கி.; நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 21 நாள். ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிக் கொடுக்கத்தான் வேண்டும். வார்டில் மதினிக்கு விழுங்க முடியாதபோது சிஸ்டர் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி, மூக்குக் குழாய் வழியாக விட்டு, பின்னாலேயே கொஞ்சம் வெறும் தண்ணீரும் விடுவார். அந்த சிரிஞ்சின் மேல் ‘வாய்க்கு மட்டும்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். வாய்வழி நிமோடிபினைத் தவறுதலாக ரத்தக்குழாயில் ஊசியாக ஏற்றி உயிர் போனதெல்லாம் நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-இல் இதற்கென்றே கடும் எச்சரிக்கை போட்டது.

ஸ்கேனில் சுருக்கம் அப்படியேதானே இருக்கிறது, மருந்து கேட்கவில்லையா என்று அண்ணன் பதறினார். குழாய் விரிவது கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மூளைக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று டாக்டர் விளக்கினார். 1989-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 554 நோயாளிகள். மாத்திரை எடுக்காதவர்களில் 33 சதவீதம் பேருக்கு மூளைத் திசு செத்திருந்தது, எடுத்தவர்களில் 22. பின்னாளில் மக்னீசியம், கொழுப்பு மாத்திரையான சிம்வாஸ்டாடின் எல்லாம் பெரிய ஆய்வுகளில் வைத்துப் பார்த்தார்கள், பலன் தெரியவில்லை. இது மட்டும் நிலைத்து நிற்கிறது.

குறை இல்லாமல் இல்லை. பிரஷர் இறங்கும். மதினி கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றும். அப்போது நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டருக்கு போன் போட வேண்டும். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள், தலைசுற்றல் குறைந்தது. வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அது இந்த மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் நேர்மாறு: மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்பளிமாஸும் அதற்குச் சொந்தம்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அந்த மரம் உண்டு, பார்க்க வருகிறவர்கள் பையில் போட்டு எடுத்து வருவார்கள். வாங்கி அப்படியே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது மருந்துக்கடையில்தான். இந்தப் பக்கம் நான் ஏறிய ஒரு கடையில், “இது ஸ்டாக் இல்லை, நிஃபெடிபின் தரட்டுமா, ரெண்டும் ஒரே குடும்பம்தானே” என்று அட்டையை எடுத்து நீட்டினார்கள். குடும்பம் ஒன்றுதான், வேலை ஒன்றல்ல. நிஃபெடிபின் பிரஷர் மாத்திரை. மூளைக்கு இந்தப் பாதுகாப்பைத் தருவது நிமோடிபின்தான். பெயர் காதில் ஒரே மாதிரி விழும் என்பதால் வாங்கும்போது அட்டையில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பாருங்கள். செங்கோட்டையில் இன்னொரு கடைக்காரர் நல்ல மனுஷன். “இதுக்குப் பதில் வேற எதுவும் தர மாட்டேன்க்கா, நாளைக்கு வரவழைச்சுத் தரேன்” என்று சொல்லி, சொன்னபடி கொடுத்தார்.

அதனால் டிஸ்சார்ஜ் அன்றைக்கே, மிச்ச நாட்களுக்கு வேண்டியதை ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே மொத்தமாக எண்ணி வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள். கேரள எல்லையில் ஆரியங்காவு தாண்டிய பிறகு தேடி அலைய முடியாது. மருந்துக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதற்கு ஒன்று, அதுவும் அந்தச் செங்கோட்டைக்காரருக்காக.